நின்ற குற்றம்

சிப்போகா
9 பிப்ரவரி 2004

தம்பி லிம்பானி,

நீ நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன். இத நானே என் கையால எழுதுறேன். ததாலா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருக்கா, வர்றதுக்குள்ள முடிக்கணும். எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காம படி.

உன் மருமகளக் கேட்டு ஒரு பையன் வந்திருக்கான். பேரு மயாமிகோ. உன் பக்கத்துலதான் இருக்கான், பாங்வேயில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நீலக் கதவு வீடு. ஏதோ பேங்க்ல வேலையாம். அவனோட தாய்மாமன் சிலெம்பா பெரியவர் இங்க பக்கத்து ஊர். ஆகஸ்ட்ல நிச்சயம் வச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. நம்ம பக்கம் நின்னு அவரோட கோழி மாத்த வேண்டியது நீதான். தாய்மாமன் இல்லாம எந்த நிச்சயமும் இல்ல.

ஆனா எனக்கு அந்தப் பையன் மேல நம்பிக்கை வரல. ரெண்டு தடவ வந்தான், ரெண்டு தடவையும் சர்க்கரை கொண்டுவந்தான். பல்லு ரொம்ப வெள்ளையா இருக்கு. எதக் கேட்டாலும் சரிங்கம்மா, சரிங்கம்மாங்கிறான். எல்லாத்துக்கும் சரி சொல்ற ஆம்பள எதையோ மறைக்கிறான்.

நீ ஒண்ணு செய். சாயங்காலம் அந்தப் பக்கம் போயி மறைவா நின்னு பாரு. யார் வர்றா, யார் போறா, குடிச்சுட்டு வர்றானா, கொடியில பொம்பளத் துணி காயுதா. யாருக்கும் தெரியக் கூடாது. கேக்கணும்னா மாமனும் மாமனும் நேருக்கு நேர் உக்காந்து கேக்கணும், அதான் மொற. நாம ஒளிஞ்சு பாத்தோம்னு தெரிஞ்சா சிலெம்பா அன்னைக்கே சம்பந்தத்த முறிச்சிடுவாரு. ததாலாவுக்கும் தெரியக் கூடாது. உன் பொடி எழுத்து என் கண்ணுக்கு ஆகாது, அவதான் உன் கடுதாசியப் படிச்சுக் காட்டுறா. அதனால எதையும் எழுதி வைக்காத. ஈஸ்டருக்கு வருவேல்ல, அப்ப என் காதுல சொல்லு. நல்லவனா, இல்லையா. அது போதும்.

படிச்சதும் அடுப்புல போடு.

உன் அக்கா,
சியோனே


லிம்பே
29 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமென்றால் நானும் நலம். லவ்மோர் அண்ணனின் மீன் லாரியில் உன் கடிதம் வந்து சேர்ந்தது. அதோடு உசிபாக் கருவாட்டு வாடையும் வந்து என் அறையில் குடியேறிவிட்டது. வீட்டுக்காரி கதவைத் தட்டி, பூனை ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள்.

தேயிலை ஆலையில் வேலை போய்க்கொண்டிருக்கிறது. இங்கே மழை விடவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன்.

நீ சொன்ன பானையை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பார்த்தவரை விரிசல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. இன்னும் ஒன்றிரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு ஈஸ்டருக்கு வரும்போது சொல்கிறேன்.

ததாலாவுக்கு என் அன்பு. படித்துக் காட்டும்போது நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்.

உன் தம்பி,
லிம்பானி


சிப்போகா
18 ஏப்ரல் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ததாலா எழுதுவது. நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம். நீங்கள் நலமா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றீர்கள். அம்மா சேவலைக் கட்டிப் போட்டுவிட்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு முழுக்கப் பார்த்தார். திங்கட்கிழமை சேவலை அவிழ்த்துவிட்டார். அது இப்போது யாரையும் நம்புவதில்லை, கிட்டே போனாலே கூரைமேல் ஏறிவிடுகிறது.

மார்ச் முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. லவ்மோர் அண்ணனிடம் கேட்டால் அவர் எங்கோ பார்த்துக்கொண்டு டயரை உதைக்கிறார். என்ன விஷயம் என்று அம்மா கேட்கிறார். வேலை போய்விட்டதா, யாரோடாவது சண்டையா, புதிதாக யாராவது பெண் வந்திருக்கிறாளா. (கடைசிக் கேள்வி நான் சேர்த்தது.)

பெரியவர் சிலெம்பா ஆகஸ்ட் தேதியைக் கேட்டு ஆளனுப்பிவிட்டார். மாமா, நீங்கள் எனக்காக நிற்கப் போவதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். நீங்கள் கோழியை எப்படிப் பிடிப்பீர்கள் என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. பானை வாங்க வேண்டும் என்று அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. கேட்டால், உனக்கெதுக்கு அது என்கிறார்.

உங்கள் அக்கா சியோனேவுக்காக,
ததாலா


லிம்பே
2 மே 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமென்றால் நானும் இப்போது நலம்.

எனக்கு மலேரியா வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எழுத முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது, வேலைக்கும் போகிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றுமில்லை.

சேவலிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
லிம்பானி


சிப்போகா
20 மே 2004

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம். இதைக் கேட்டதும் அம்மா, "அந்த வரிய எழுதாத" என்றார். எழுதாமல் எப்படிக் கடிதம் தொடங்குவது என்று நான் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அம்மா அதை முகர்ந்து பார்த்தார். உசிபா வாடை இல்லை. தபால்தலை ஒட்டி வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக லவ்மோர் அண்ணனின் லாரியில் கடிதம் அனுப்பியவன் இப்போது ஏன் தபால்தலை வாங்குகிறான், லவ்மோரின் முகத்தில் விழிக்க ஏன் பயப்படுகிறான் என்று அம்மா அன்றைக்கே அவரைத் தேடி மீன் சந்தைக்குப் போய்விட்டார். லாரி டயருக்கு முன்னால் கூடையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொல்லாமல் வண்டி எடுக்க முடியாது.

லவ்மோர் அண்ணன் சொல்லிவிட்டார், மாமா. மார்ச் மாதம் கோர்ட்டு வாசலில் உங்களைப் பார்த்தாராம். போலீஸ் வண்டியில் மற்றவர்களோடு ஏற்றினார்களாம். பிறகு ஒரு நாள் உங்களைத் தெருவில் பார்த்தாராம், தலை மொட்டையாக இருந்ததாம்.

அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "எந்த ஆஸ்பத்திரியிலடா மலேரியாவுக்கு மொட்ட அடிக்கிறாங்க?"

இன்னும் கேளுங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நீங்கள் கொண்டுவரும் தேயிலைப் பொட்டலங்களை அம்மா மேல்பரணில் போட்டுக் கட்டிவிட்டார். எந்த ஆலையிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாமல் அதைக் குடிக்க மாட்டாராம். காலையில் வெறும் வெந்நீர் குடிக்கிறோம். நான்கூட.

விஷயம் சிலெம்பா வரைக்கும் போய்விட்டது. அவர் மீன் சந்தையிலேயே சத்தமாகச் சொல்லியிருக்கிறார், "கோர்ட்டு படி ஏறுனவன் கையில எங்க கோழியக் குடுக்க மாட்டோம்" என்று.

என்ன எடுத்தீர்கள் என்று அம்மா கேட்கிறார். எடுத்ததைச் சொன்னால் திருப்பிக் கொடுக்க வழி பார்க்கலாம் என்கிறார்.

ததாலா


லிம்பே
6 ஜூன் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலம் என்று இனி எழுதினால் நீ நம்பப் போவதில்லை.

நான் எதையும் எடுக்கவில்லை. தேயிலை என் சம்பளத்தில் கழித்து வாங்கியது. அதைக் கீழே இறக்கு.

என் மேல் போட்டது ஒரு பெட்டி கேஸ். சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ரோக் அண்ட் வேகபாண்ட் என்று. போக்கிரி, திரிகிறவன் என்று அர்த்தம். ஆனால் போக்கிரித்தனம் ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் நின்றுகொண்டிருந்தேன். மாலை நேரம். அந்தப் பக்கம் வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. போலீஸ் வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டது. என்னால் சொல்ல முடியவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

கோர்ட்டில் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தக்காளி விற்கிற பெண்கள், மினிபஸ்ஸில் ஆள் கூப்பிடுகிறவர்கள், வேலை முடிந்து நடந்துபோன ஒரு காவலாளிகூட. எல்லோருக்கும் அதே கேஸ். ஒரு ஆள் வரிசையாக வந்து காதில் சொல்லிக்கொண்டே போனார். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும். இல்லன்னு சொன்னா உள்ள உக்காந்து தேதிக்குக் காத்துக் கெட. பெட்டி கேஸ்தானய்யா, ஒத்துக்க."

எனக்கு நம் ஊர்த் தலைவரின் அத்திமரத்தடிதான் ஞாபகம் வந்தது. அங்கே தப்பை ஒத்துக்கொண்டு கோழியைக் கொடுத்துவிட்டால் வழக்கு அன்றோடு செத்துவிடும். அதற்குப் பிறகு அதைப் பேசுகிறவன்தான் ஆடு கொடுக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். உண்மையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். உண்மை என்றேன். அபராதம் போட்டார். கையில் இல்லை, அதனால் கொஞ்ச நாள் உள்ளே இருந்தேன்.

இங்கே ஒத்துக்கொண்டால் வழக்கு சாவதில்லை, அக்கா. அதற்கு அப்போதுதான் உயிர் வருகிறது. வெளியே வந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. எனக்கு முன்னாலேயே அது சிப்போகாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உன் தம்பி,
லிம்பானி


சிப்போகா
24 ஜூன் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார், "நின்னதுக்கு ஜெயில்னா நம்ம வாசல்ல இருக்கிற மாமரத்தப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லு மொதல்ல. அது எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து நிக்குது." தப்பே செய்யாதவன் உண்மை என்று ஏன் சொன்னான் என்பது அவருடைய கேள்வி. அத்திமரத்தடியில் பொய்யாக ஒத்துக்கொண்டவனை அவர் பார்த்ததே இல்லையாம். நானும் பார்த்ததில்லை.

ஆனால் மாமா, நான் உங்கள் பக்கம். சனிக்கிழமை சலிமா டவுனுக்குப் போய் இண்டர்நெட் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கம் திறக்கிறதற்குள் ஒரு வாழைப்பழச் சீப்பே தின்று முடித்துவிட்டேன், ஆனால் கண்டுபிடித்தேன். அது வெள்ளைக்காரன் அவன் ஊரில் வேலையில்லாமல் திரிந்தவர்களைப் பிடிக்க எழுதி, போகிற இடமெல்லாம் கொண்டுபோய் வைத்த சட்டம். அவன் போய்விட்டான், சட்டம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அதையல்லவா முதலில் பிடிக்க வேண்டும்? அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சாலையிலோ வீட்டுப் பக்கத்திலோ, ஏதோ கெட்ட காரியத்துக்குத்தான் நிற்கிறான் என்று தோன்றும்படி நிற்கிறவன். அவ்வளவுதான். தோன்ற வேண்டும். தோன்றினால் போதும். நிற்பது நீங்கள், குற்றம் இருப்பது பார்க்கிறவன் கண்ணில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடமெல்லாம் சொன்னேன். அவன் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டான்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். அம்மா ஒன்றுதான் கேட்டார். "அப்ப அவன் எங்க நின்னான்? யாரு அவனப் பாத்தது?"

எனக்கும் அதுதான் சந்தேகம், மாமா. முழுக் கடிதத்திலும் நீங்கள் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு தெரு என்கிறீர்கள். சும்மா நின்றவருக்குத் தெருவின் பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? பார் வாசலா? யாருடைய வீட்டு வாசலா? சொல்லிவிட்டால் நான் சிலெம்பாவிடம் போய்ச் சண்டை போடுவேன். அவர் இப்போது கசுங்குவில் இருக்கிற அம்மாவின் பெரியம்மா மகன் வைசனை மாமனாக நிறுத்தச் சொல்கிறார். வைசன் மாமாவை நான் பார்த்ததே இரண்டு தடவை. இரண்டு தடவையும் தூங்கிக்கொண்டிருந்தார்.

இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

ததாலா


லிம்பே
8 ஜூலை 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருங்கள்.

வைசனே நிற்கட்டும். நான் வருத்தப்படவில்லை. ததாலா யாரோடும் சண்டை போட வேண்டாம். பார்த்தது யார் என்று தேடவும் வேண்டாம். பார்த்தவர் மேல் தப்பில்லை.

இடத்தைக் கேட்டிருந்தாய். நீ சொன்ன பானையைப் பார்க்கப் போன இடத்தில்தான் நின்றேன்.

உன் தம்பி,
லிம்பானி


சிப்போகா
25 ஜூலை 2004

மாமா,

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை.

பானை என்ற வரியைப் படித்ததும் அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டார். களி அடிபிடித்துக் கருகியது, திரும்பிப் பார்க்கவில்லை. இவனுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றார். அன்றிலிருந்து என்ன எடுத்தான் என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். நேற்று தானே பரணில் ஏறித் தேயிலையை இறக்கினார், ஆனால் காய்ச்சவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு பார்த்த பிறகும் நான் சந்தேகப்படாமல் இருப்பேனா?

மயாமிகோ எனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். மார்ச்சில் எழுதிய ஒன்றை நான் அப்போது சிரித்துச் சிரித்துப் படித்தேன். அவர் தெருவில் திருடனைப் பிடித்துக் கொடுத்த கதை. நெட்டையான ஆள். சாம்பல் நிறக் கோட்டு. மழையில் மூன்று சாயங்காலம் எதிர்வீட்டு வேலியோரம் நின்று அவருடைய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். போலீசிடம் போய்ச் சொன்னதே மயாமிகோதான். ஆள் ஓடக்கூட இல்லை, நின்றபடியே இருந்தான், அதுதான் பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களுக்குப் படித்துக் காட்டினேன், மாமா. எல்லோரும் கை தட்டினார்கள்.

யாருடைய கண் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் கண்.

உங்கள் எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறேன். ஒளிந்து பார்த்ததற்கு உங்கள் மேல். யாரென்று ஒரு வார்த்தை கேட்காமல் போலீசைக் கூப்பிட்டதற்கு அவர் மேல். அம்மா மேலும்தான், ஏனென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அந்தப் பானையில் அம்மாவின் கை இருக்கிறது.

மயாமிகோவுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் சிலெம்பாவுக்குப் போகும், அவர் சம்பந்தத்தை முறிப்பார். சொல்லாவிட்டால் நீங்கள் திருடன் என்றே இருக்க வேண்டும், தூங்குகிற மாமா எனக்காக நிற்பார். நான் காலம் முழுக்க மயாமிகோவுக்கு முன்னால் களியை வைத்துவிட்டு இதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அங்கே போகச் சொன்னது அம்மாவா?

ததாலா


லிம்பே
5 ஆகஸ்ட் 2004

அன்புள்ள ததாலாவுக்கு,

நீ நலமாக இருந்தால் எனக்கு அது போதும்.

என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் போனேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பானை நிஜமாகவே பானைதான்.

மயாமிகோவிடம் சொல்லாதே. வைசனுக்கு நிச்சயத்தன்று காலையில் கெட்டியாகத் தேநீர் கொடுங்கள், தூங்க மாட்டான்.

மாமா


சிப்போகா
22 ஆகஸ்ட் 2004

தம்பி லிம்பானி,

நீ நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன். இதையும் நானே எழுதுறேன். இந்தத் தடவ ததாலா பக்கத்துலதான் இருக்கா. எழுத்துப்பிழை பாத்து சொல்றா, நான் திருத்த மாட்டேங்கிறேன்.

நீ அவளுக்கு எழுதுன கடுதாசிய அவ என் முன்னாடி வச்சு சத்தமாப் படிச்சா. யாரும் அனுப்பலங்கிற வரியப் படிச்சுட்டு என் மூஞ்சியவே பாத்தா. பெத்த மக அப்படிப் பாக்கக் கூடாதுடா. என்னால உக்கார முடியல.

ஈஸ்டர்ல இருந்து உன்னத்தான் சந்தேகப்பட்டேன். தேயிலையக் கூட சந்தேகப்பட்டேன். நான் எழுதுனத மட்டும் சந்தேகப்படல. உனக்கு எழுதும்போது அடுப்புல போடுன்னேன், நீ போட்டிருப்ப. என் மனசுலயும் நான் போட்டுட்டேன் போல.

தலைவர்கிட்டப் போயி அத்திமரத்தடியில கூட்டம் போடச் சொன்னேன். சிலெம்பா பெரியவர் வந்தாரு, தடிய ஊணிக்கிட்டு. ததாலா மயாமிகோவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தா. ஏன் எதுக்குன்னு சொல்லல, வான்னு மட்டும். அவன் லவ்மோர் லாரியில கருவாட்டுக் கூடை மேல உக்காந்து வந்து சேந்தான். பேங்க் சட்டையெல்லாம் செதிலு.

நான் எந்திரிச்சேன். என் தம்பி பேர்ல ஊர்ல ஒரு கேஸ் பேசுறாங்க, அந்த கேஸ்ல பாதி என்னுதுன்னேன். சிலெம்பா புரியாமப் பாத்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். நீலக் கதவு, வேலியோரம், பொம்பளத் துணி காயுதான்னு பாக்கச் சொன்னது, எல்லாம். கடைசியில சொன்னேன், "நின்னது அவன் காலு. நிக்கச் சொன்னது இந்த வாயி."

சிலெம்பா தடிய எடுத்துட்டு எந்திரிச்சுட்டாரு. சம்பந்தம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ததாலா என் இடுப்புச் சித்தேஞ்சே முந்திய இறுக்கிப் பிடிச்சிருந்தா, துணி கிழிஞ்சுடும் போல.

அப்ப அந்தப் பையன் எந்திரிச்சான். சரிங்கம்மா சரிங்கம்மாங்கிறதத் தவிர வேற பேச்சு தெரியாதுன்னு நெனச்சேன்ல, அவன் பேசுனான். "மாமா, உக்காருங்க. போலீஸ்ல சொன்னது நான். மூணு நாளு அவர ஜன்னல் வழியாப் பாத்தேன். கதவத் திறந்து, யாருங்க நீங்க, மழையில நிக்கிறீங்களேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வீட்டுக்குள்ள வந்திருப்பாரு."

சிலெம்பா மெதுவா உக்காந்தாரு. மூக்குப்பொடி போட்டாரு. ரெண்டு தும்மல் தும்முனாரு. அப்புறம் சொன்னாரு, "நான் எத்தனையோ மருமகப் பொண்ணுங்களுக்கு மாமனா நின்னிருக்கேன். ஒருத்திக்காகவும் மழையில நின்னதில்ல." சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. பாத்த பார்வ எனக்கு இன்னும் பிடிக்கல. இந்தப் பொம்பள இன்னும் என்னென்ன வேவு பாத்திருக்காளோங்கிற பார்வ. பாத்தா பாக்கட்டும்.

நான் ஒரு கோழி குடுத்தேன். மயாமிகோ ஒரு கோழி குடுத்தான், லவ்மோர்கிட்டக் கடன் வாங்கி. தலைவர் கேஸ் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாரு. இனிமே பேசுறவன் ஆடு குடுக்கணும்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை நிச்சயம். வைசனுக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பியாச்சு, அவனுக்கும் நிம்மதி. நீ வா. அந்த சாம்பல் கோட்டையே போட்டுக்கிட்டு வா. வேலியோரம் நிக்காத, வாசல் நடுவுல வெயில்ல நில்லு, எல்லாரும் பாக்கட்டும்.

தேயிலைய அடுப்புல வச்சுட்டேன். நல்லாத்தான் இருக்கு.

உன் அக்கா,
சியோனே


லிம்பே
5 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமென்றால் நானும் நலம். இதை லவ்மோர் அண்ணனிடமே கொடுத்து அனுப்புகிறேன். முகர்ந்து பார்த்துக்கொள்.

வருகிறேன். கோட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள். நகரத்துக் கோர்ட்டில் அந்தப் போக்கிரிப் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது. நம் தலைவரின் கோழி அங்கே செல்லாது. போன வாரம்கூட ஒரு போலீஸ்காரர் பஸ் நிறுத்தத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் வருகிறவரை நான் நடந்துகொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் எங்கேயும் நிற்பதில்லை. சிப்போகாவில் வந்து நின்றுகொள்கிறேன்.

அக்கா, இத்தனை மாதமாக எங்கே நின்றாய், ஏன் நின்றாய், யார் பார்த்தது என்று எல்லோரும் கேட்டீர்கள். நான் என்ன பார்த்தேன் என்று யாருமே கேட்கவில்லை. நீ என்னை அனுப்பியது அதற்குத்தானே.

முதல் நாள் அவன் வேலையிலிருந்து நேராக வந்தான். கொடியில் அவன் சட்டை இரண்டு, வேறெதுவும் இல்லை. தானே களி கிண்டினான், கட்டி கட்டியாக இருந்திருக்க வேண்டும், தின்னும்போது முகம் அப்படிப் போனது. பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தான். மடித்து வைத்தான். மறுபடியும் எடுத்தான். இரண்டாம் நாளும் அதே கடிதம்தான். உதடு அசைந்தது. ததாலாவின் கையெழுத்து பெரிது, வேலியோரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாம் நாள் என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினான்.

போலீஸ் வந்து தள்ளியபோது என் ஒரு செருப்பு சேற்றில் கழன்றுவிட்டது. எடுக்க விடவில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. அவன் கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடி வந்தான். செருப்பிலிருந்த சேற்றைத் தன் கால்சட்டையிலேயே துடைத்து, ஓடுகிற வண்டியில் என் கையில் கொடுத்தான். "ஐயா, செருப்பு" என்றான். இருட்டில் பல் மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப வெள்ளைதான், நீ சொன்னது சரி. என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அக்கா. ஆனாலும் ஐயா என்றான்.

அடுத்த நாள் மாஜிஸ்திரேட் உண்மையா என்று கேட்டபோது அந்தச் செருப்பு என் காலில் இருந்தது. அங்கே ஏன் போனேன் என்று வாயைத் திறந்தால் ததாலாவுக்கு இவன் கிடைக்க மாட்டான் என்று தெரியும். ஒத்துக்கொண்டேன்.

நீ பிப்ரவரியில் ஒன்று கேட்டாய். ஈஸ்டருக்கு வந்து காதில் சொல்லச் சொன்னாய். இப்போது ததாலாவே இதைச் சத்தமாகப் படிக்கட்டும்.

நல்லவன்.

உன் தம்பி,
லிம்பானி